முன்னாள் படைவீரர் சங்கத்தில் சேர்ந்தால் என்ன கிடைக்கும்? நேரான பதில் வேண்டும்

கணியம்பாடி ஹவில்தார்:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வட்டக் கிளைக்கு இந்த வருடம் என்னைச் செயலாளராகப் போட்டிருக்கிறார்கள். பொறுப்பை வாங்கிப் பதிவேட்டைப் புரட்டினால் பக்கம் பக்கமாகப் பெயர் இருக்கிறது, கூட்டத்துக்கு வருவது என்னவோ அதே பழைய முகங்கள்தான், அதிலும் பாதிப் பேர் எழுபதைத் தாண்டியவர்கள். வேலூர்ப் பக்கம் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத ஊரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். கம்மவான்பேட்டையைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள், ராணுவ கிராமம் என்றே பத்திரிகைகளில் எழுதுவார்கள். இப்படிப்பட்ட மாவட்டத்திலேயே சங்கத்துக்கு இளவட்டங்கள் வரவில்லை என்றால் எங்கேயோ கோளாறு இருக்கிறது.

நாற்பது வயதுக்குள் ஓய்வுபெற்று வருகிற நாயக், ஹவில்தார்களிடம் போய்ச் சேரச் சொன்னால் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "சேர்ந்தா என்னண்ணே கிடைக்கும்?" நியாயமான கேள்வி. பென்ஷன் ஸ்பர்ஷ் என்ற அரசு இணையதளம் வழியாக வருகிறது. வைத்தியத்துக்கு 2003இலிருந்து ஈசிஹெச்எஸ் என்ற முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம் இருக்கிறது. கேன்டீன் கார்டு தனியாக வாங்கிக்கொள்ளலாம். பிள்ளைகளுக்குப் பிரதமர் உதவித்தொகை, பெண்ணுக்கு மாதம் 3,000, பையனுக்கு 2,500, அதற்கும் இணையத்தில் விண்ணப்பித்தால் போதும். எதற்குமே சங்கத்தின் ரசீது தேவையில்லை.

1964இல் ராணுவத்தின் முதல் இந்தியத் தலைமைத் தளபதி கரியப்பா முன்னின்று இந்திய முன்னாள் படைவீரர் லீக்கைத் தொடங்கிய காலத்தில் இவற்றில் பாதி கிடையாது. அன்றைக்கு நமக்காகத் தில்லியில் பேச ஒரு தேசிய அமைப்பு இருந்தே ஆக வேண்டிய நிலைமை. இன்றைக்கு ஒரு கிளை எதற்காக இருக்க வேண்டும்? ஊருக்குள் இறங்கி வேலை செய்கிற கிளைக்குத்தான் ஆள் சேரும், மற்றதெல்லாம் பெயர்ப் பலகையோடு நின்றுவிடும் என்பது என் எண்ணம். உங்கள் பக்கம் எப்படி நடக்கிறது? மனம்விட்டு எழுதுங்கள்.

சிக்னல்ஸ் ராஜா:

அண்ணா, நான் சேராத ஆள். காரணத்தைச் சொல்கிறேன், கோபப்படாதீர்கள்.

ஊருக்கு வந்த புதிதில் ஒரு சங்கத்தில் சந்தா கட்டினேன். ரசீது கொடுத்தார்கள், அதோடு சரி. அடுத்த போன் வந்தது கொடி நாள் விழாவுக்கு ஆள் சேர்க்க. போனால் சால்வை போடுவதற்கே ஒரு மணி நேரம் ஆகிறது, அப்புறம் வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை. என்னுடைய டிசபிலிட்டி பென்ஷனில் ஒரு சந்தேகம் இருந்தது, கடைசி வரிசையில் கையைத் தூக்கினேன், "அப்புறம் பார்க்கலாம் தம்பி" என்று உட்கார வைத்துவிட்டார்கள். சிக்னல்ஸில் இருந்து வந்தவனுக்கு கேபிள், ஜெனரேட்டர், நெட்வொர்க் எதைக் கொடுத்தாலும் பார்க்கத் தெரியும். உனக்கு என்ன வேலை தெரியும் என்று அந்தக் கூட்டத்தில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. ஏதாவது ஒரு வேலையைக் கையில் கொடுத்திருந்தால் இன்றைக்கும் அங்கேதான் இருந்திருப்பேன்.

இன்னொன்று. ஜனவரி 14 முன்னாள் படைவீரர் தினம் என்கிறோம். 1953இல் கரியப்பா ஓய்வுபெற்ற நாள், மரியாதைக்குரிய நாள்தான். ஆனால் தமிழ்நாட்டில் அன்றைக்குப் போகி, இல்லாவிட்டால் பொங்கல். வெளியூரில் இருக்கிற பிள்ளைகள் எல்லாம் வீட்டுக்கு வருகிற நாளில் எந்த ஹவில்தார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கூட்டத்துக்கு வருவார்? கூட்டத்தை அடுத்த வாரம் வைத்தால் என்ன? இந்தச் சின்ன விஷயத்தைக்கூட இங்கே இருக்கிறவர்களைப் பார்த்து முடிவு செய்யாமல் மேலே இருந்து வந்த சுற்றறிக்கைப்படி செய்கிறோம்.

மலர்விழி:

நான் படையில் இருந்தவள் இல்லை. அப்பா மெட்ராஸ் ரெஜிமென்ட். இந்த இழையில் எழுதலாமா என்று யோசித்தேன், ஹவில்தார் சார் கேட்ட கேள்விக்கு எங்கள் வீட்டிலேயே பதில் இருப்பதால் எழுதுகிறேன்.

அப்பா இறந்ததும் அம்மாவுக்குக் குடும்பப் பென்ஷன் மாற வேண்டும். ஆதாரில் அம்மா பெயர் பாக்கியலட்சுமி. பட்டாளத்து ஏட்டில் பாக்கியம். ஆதாரில் முழுப் பிறந்த தேதி இருக்கிறது, டிஸ்சார்ஜ் புக்கில் வருடம் மட்டும்தான் இருக்கிறது, அதுவும் வேறு வருடம். வங்கிப் புத்தகத்தில் அப்பாவின் இனிஷியல் பெயருக்கு முன்னால், பான் கார்டில் அப்பாவின் முழுப்பெயரே பின்னால். ஊரில் யாரைக் கேட்டாலும் அம்மாவைத் தெரியும், ஆனால் எந்த இரண்டு தாளும் ஒத்துப்போகவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். நான் கோவையில் வேலையில் இருக்கிறேன், அம்மா ஊரில் தனியாக இருந்தார், ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்தி வந்தாலே என்னவோ ஏதோ என்று பயந்துபோவார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த வாரம் சங்கத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். அப்பாவுக்கு அவர்களோடு பெரிய பழக்கம்கூடக் கிடையாது. திண்ணையில் உட்கார்ந்து, அப்பாவின் கறுப்பு டிரங்குப் பெட்டியைக் கொண்டுவரச் சொல்லி, ஒவ்வொரு தாளாக எடுத்துப் பிரித்து அடுக்கினார்கள். டிஸ்சார்ஜ் புக், முதல் பிபிஓ (பென்ஷன் ஆணை), பிறகு வந்த திருத்திய பிபிஓக்கள், எப்போதோ எடுத்த கூட்டுப் புகைப்படம். அடியில் ஒரு இன்லண்ட் லெட்டருக்குள் துண்டுச் சீட்டு ஒன்று, கல்யாணத்தைப் பட்டாளத்து ஏட்டில் பதிந்த பார்ட் டூ ஆர்டர் என்ற ஆணையின் எண்ணை அப்பா தன் கையெழுத்தில் எழுதி வைத்திருந்தார். அதைப் பார்த்ததும் அவர்களில் ஒருவர், "இது கிடைச்சதே போதும்க்கா, மத்ததை நாங்க பார்த்துக்கிறோம்" என்றார்.

இரண்டு பெயரும் ஒருவரே என்று நோட்டரி முன்னால் உறுதிமொழிப் பத்திரம், இறப்புச் சான்று, ஆதார், பான், வங்கிப் புத்தக நகல் எல்லாவற்றையும் சேர்த்து மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக வெலிங்டனில் ரெஜிமென்டின் ஏடுகளை வைத்திருக்கிற ரெக்கார்ட் ஆபீஸுக்கு அனுப்பினார்கள். மாதக்கணக்கில் ஆனது. ஆனால் அம்மா எந்த அலுவலகத்திலும் தனியாகப் போய் நிற்கவில்லை. பென்ஷனும் வந்தது, நிலுவையும் வந்தது. இன்றைக்கும் லைஃப் சர்டிஃபிகேட் கொடுக்கிற மாதம் வந்தால் அந்த அண்ணனே போன் செய்து நினைவுபடுத்துகிறார்.

சங்கம் என்ன கொடுக்கும் என்றால் எங்களுக்குக் கொடுத்தது இது. ஆனால் அம்மாவைச் சங்கத்தில் உறுப்பினராகச் சேர்க்க முடியுமா என்று நான் கேட்டபோது, விதவைகளுக்கு உதவி செய்வோம், ஓட்டு கிடையாது என்றார்கள். அது எனக்கு இன்றுவரை சரியாகப் படவில்லை. அம்மா இப்போது எங்கள் தெருவில் இன்னும் இரண்டு பேருக்கு எந்தத் தாள் எங்கே வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கிறார். உறுப்பினர் செய்கிற வேலைதானே அது?

மட்டுறுத்துநர்:

ஒரு வேண்டுகோள். பிபிஓ எண், ஆதார் எண், வங்கி விவரம் எதையும் இங்கே பொதுவில் பதிய வேண்டாம். ஸ்பர்ஷிலிருந்து பேசுகிறோம், லைஃப் சர்டிஃபிகேட் காலாவதியாகிவிட்டது என்று சொல்லி ஓடிபி கேட்டுப் பணத்தைச் சுருட்டுகிற கும்பல் இருக்கிறது. வீட்டில் இருக்கிற பெரியவர்களிடமும் சொல்லி வையுங்கள்.

ஓய்வு சுபேதார்:

கணியம்பாடி தம்பி, உன் அக்கறை புரிகிறது. மலர்விழி அம்மா எழுதியதைப் படித்தேன், அந்த இருவரும் யாராக இருந்தாலும் அவர்களுக்கு என் சல்யூட். ஆனாலும் நான் மாற்றுக் கருத்துக்காரன், சொல்லியே ஆக வேண்டும்.

சங்கம் தொண்டு நிறுவனம் அல்ல. அது உரிமைக்காக ஏற்பட்டது. ஒரே பதவியில் ஒரே அளவு காலம் இருந்தவர்களுக்கு, எப்போது ஓய்வுபெற்றாலும் ஒரே பென்ஷன் என்கிற ‘ஒரே பதவி ஒரே பென்ஷன்’ தானாக வரவில்லை. 2015 ஜூன் 15 அன்று ஜந்தர் மந்தரில் உட்கார்ந்தார்கள், தில்லி வெயில் எப்படி இருக்கும் என்று அங்கே வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், மெடலைக் குத்திக்கொண்டு எழுபது வயதுக்காரர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். செப்டம்பரில் அறிவிப்பு வந்தது, நவம்பர் 7இல் ஆணை வந்தது, 2014 ஜூலை 1இலிருந்து கணக்குப் போட்டார்கள், ஐந்து வருடத்துக்கு ஒருமுறை சீரமைப்பு என்று எழுதினார்கள். அதன்படி 2019க்கும் 2024க்கும் திருத்தம் வந்தது. மரக்கன்று நட்டு ரத்ததானம் செய்ததால் வந்ததா இது? எத்தனை பேர் நம் பின்னால் இருக்கிறார்கள் என்ற கணக்கால் வந்தது. அந்தக் கணக்குத்தான் உறுப்பினர் பட்டியல்.

சேவை என்று கிளம்பினால் இன்னொரு ஆபத்தும் உண்டு. பஞ்சாபில் முன்னாள் படைவீரர்களை ஊருக்கு ஒருவராக வைத்து அரசுத் திட்டங்கள் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்கச் சொன்னார்கள். நல்ல யோசனை, ஆயிரக்கணக்கான பேருக்கு வேலை. ஆட்சி மாறியது, 2022இல் கலைத்துவிட்டார்கள். யாரோ கொடுத்த சேவையை யாரோ எடுத்துக்கொண்டு போனார்கள். அரசு செய்ய வேண்டிய வேலையை நம் தலையில் ஏற்றிக்கொண்டு, கடைசியில் உரிமையைக் கேட்க ஆள் இல்லாமல் நிற்கக் கூடாது.

கணியம்பாடி ஹவில்தார்:

சுபேதார் சார், நீங்கள் சொன்னதில் பாதியை நான் அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். பென்ஷன் உரிமையைப் போராடித்தான் வாங்கினோம். ஆனால் பென்ஷனே இல்லாதவர்களைப் பற்றி யார் பேசுவது?

பதினைந்து வருடம் முடிக்காமல் வந்த ஜவானுக்குச் சர்வீஸ் பென்ஷன் கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். எங்கள் பக்கம் 71 யுத்தத்தை ஒட்டிச் சேர்ந்து குடும்பச் சூழ்நிலையால் சீக்கிரமே வந்துவிட்டவர்கள் இருக்கிறார்கள். ஒருவர் இந்த வயதிலும் செங்கல் சூளையில் ராக்காவல் இருக்கிறார். அவரைப் போல 65 வயது தாண்டிய, பென்ஷன் இல்லாத, ஹவில்தார் வரை பதவியில் இருந்தவர்களுக்கும் அவர்களுடைய விதவைகளுக்கும் கொடி நாள் நிதியிலிருந்து மாதாமாதம் உதவித்தொகை இருக்கிறது. மாதம் 4,000 ஆக இருந்ததை 2025 நவம்பர் 1 முதல் வருகிற விண்ணப்பங்களுக்கு 8,000 ஆக்கியிருக்கிறார்கள். ஆயுள் முழுவதும் கிடைக்கும். பிள்ளைகள் படிப்புக்கான தொகையும் மாதம் 1,000இலிருந்து 2,000 ஆகியிருக்கிறது, மகள் கல்யாணத்துக்கு 50,000 ஒரு லட்சம் ஆகியிருக்கிறது.

அந்தப் பெரியவருக்கு இது எதுவுமே தெரியாது. அவர் எந்தச் சங்கத்திலும் இல்லை, கேன்டீனுக்கு வருவதில்லை, வாட்ஸ்அப் குழுவில் இல்லை, தன்னை எக்ஸ் சர்வீஸ்மேன் என்று சொல்லிக்கொள்ளவே கூச்சப்படுகிறார், "நான் பாதியில வந்தவன்பா" என்கிறார். உண்டியல் எடுத்து 1949இலிருந்து டிசம்பர் 7 தோறும் கொடி நாள் வசூல் செய்கிறோமே, அந்தப் பணம் இவருக்கானது. அது இருக்கிறது என்று சொல்ல ஒரு ஆள் அந்தச் சூளை வரைக்கும் போக வேண்டும். அதை நான் உரிமை என்றுதான் சொல்வேன், நீங்கள் சேவை என்று சொன்னாலும் சரி.

தேனிக்காரன்:

எங்கள் கிளையில் நடந்ததை எழுதுகிறேன், உபயோகமாக இருக்கும்.

ஆர்மி ரேலி என்கிற ஆள்சேர்ப்பு முகாமுக்குத் தயாராகிற பையன்களுக்கு அரசுப் பள்ளி மைதானத்தில் காலையில் இலவசமாகப் பயிற்சி கொடுக்க ஆரம்பித்தோம். தனியார் அகாடமிகளில் விடுதியோடு பெரிய தொகை கேட்கிறார்கள், கூலி வேலைக்குப் போகிற வீட்டுப் பையனால் முடியாது. 1,600 மீட்டர் ஓட்டத்தை ஐந்தரை நிமிடத்துக்குள் முடித்தால் முழு மதிப்பெண், புல் அப்ஸ் பத்து எடுத்தால் முழு மதிப்பெண், ஒன்பது அடிப் பள்ளம் தாண்டணும், ஜிக் ஜாக்கில் விழாமல் நடக்கணும். பெரும்பாலான பையன்கள் முதல் சுற்றிலேயே மூச்சைக் கொட்டிவிட்டு மூன்றாவது சுற்றில் நின்றுவிடுவார்கள். நாலு சுற்றையும் எப்படிப் பிரித்து ஓடுவது, எந்த இடத்தில் மூச்சை வாங்குவது என்று சொல்லிக்கொடுக்க பிடி இன்ஸ்ட்ரக்டராக இருந்த ஒருவர் ஊரில் இருந்தார், சங்கப் பக்கமே எட்டிப் பார்க்காதவர். மைதானத்துக்கு வாங்க என்று கூப்பிட்டோம், முதல் நாளே விசிலோடு வந்து நின்றார். அவரைப் பார்த்து அவருடைய சிநேகிதர்கள் வந்தார்கள். பையன்களைக் கொண்டுவந்து விட வந்த அப்பாக்களில் ஒருவரே முன்னாள் பிஎஸ்எஃப்.

ராஜா தம்பி மேலே சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. ஆளைச் சேர்த்துவிட்டு வேலை தேடாதீர்கள், வேலையைத் தொடங்கிவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். எங்களுக்கு உறுப்பினர் படிவம் தேவைப்பட்டதே மைதானத்துக்கு அப்புறம்தான்.

மரக்கன்று பற்றி ஒரு வார்த்தை. சுபேதார் ஐயா அதைக் கொஞ்சம் லேசாகச் சொல்லிவிட்டார். நட்டுப் படம் எடுத்துவிட்டுப் போவது வீண் வேலைதான். ஆனால் 1982இல் டேராடூனில் முன்னாள் படைவீரர்களை வைத்தே ஒரு சுற்றுச்சூழல் பட்டாலியன் தொடங்கினார்கள், பிராந்திய ராணுவத்தின் 127ஆவது பட்டாலியன். சுண்ணாம்புக் கல் வெட்டி மொட்டையடித்த மசூரி மலைச் சரிவுகளை அவர்கள்தான் திரும்பப் பச்சையாக்கினார்கள். ஒழுங்காகச் செய்தால் நம் ஆட்களால் மலையையே மாற்ற முடியும்.

மேஜர் செவிலியர் (ஓய்வு):

ராணுவச் செவிலியர் பணியில் இருந்து ஓய்வுபெற்றவள். இரண்டு விஷயம் சொல்கிறேன்.

முதலாவது மருத்துவம். நம் ஆட்கள் நெஞ்சுவலி என்றதும் பக்கத்தில் இருக்கிற ஏதாவது ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுகிறார்கள், அதுதான் சரி, உயிர் முக்கியம். அது ஈசிஹெச்எஸ் பட்டியலில் இல்லாத ஆஸ்பத்திரியாக இருந்தால் 48 மணி நேரத்துக்குள் பாலிகிளினிக்குக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்பது பல வீடுகளில் தெரியவே தெரியாது. பெரியவர் ஐசியுவில் இருக்கிறார், பிள்ளை துபாயில் இருக்கிறான், அந்தம்மா வராந்தாவில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறார், யார் போய்ச் சொல்வது? பிறகு செலவைத் திரும்பக் கேட்டு விண்ணப்பித்தால், உரிய நேரத்தில் ஏன் சொல்லவில்லை என்று அங்கேயே இடிக்கிறது. கிளையில் ஒரே ஒரு போன் எண், இரவும் பகலும் எடுக்கிற எண், அதைக் காகிதத்தில் பெரிய எழுத்தில் அச்சடித்து ஒவ்வொரு வீட்டிலும் காலண்டர் பக்கத்தில் ஒட்டுங்கள். நான் சொல்கிற ரத்த அழுத்த முகாம், சர்க்கரை முகாம் எல்லாம் அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, மலர்விழி கேட்டது. விதவைகள் ஏன் கூட்டத்துக்கு வருவதில்லை என்று என்னிடம் பலர் கேட்கிறார்கள். நானே, மேஜராக ஓய்வுபெற்றவளே, பல கூட்டங்களில் ஒரே பெண்ணாக உட்கார்ந்திருக்கிறேன். எல்லா நாற்காலியிலும் ஆண்கள், நேரம் சாயங்காலம் ஆறு மணி, கடைசி பஸ் ஏழரைக்கு. புருஷனை இழந்து ஆறு மாதமான ஒரு கிராமத்துப் பெண் அங்கே எப்படி வருவாள்? பகல் பதினொரு மணிக்கு, நூலகத்திலோ பள்ளியிலோ வையுங்கள். வருவார்கள், கேள்வியும் கேட்பார்கள். ஓட்டு கொடுப்பதைப் பற்றி அவர்களையே கேளுங்கள்.

அக்னிவீர் அண்ணன்:

நான் நடந்துகொண்டிருக்கும் பேச்சைக் கொஞ்சம் திசைமாற்றுவதாக நினைக்க வேண்டாம். என் தம்பி அக்னிவீர், அதாவது நாலு வருடத்துக்கு மட்டும் படையில் எடுக்கிற அக்னிபத் திட்டத்தில் சேர்ந்தவன், முதல் அணி. 2023 தொடக்கத்தில் ட்ரெயினிங் போனான், நாலு வருடம் முடியப் போகிறது. அதற்குப் பிறகும் படையிலேயே வைத்துக்கொள்கிற இருபத்தைந்து சதவீதத்தில் எடுத்துக்கொள்வார்களா என்பது தெரியாது. எடுக்காவிட்டால் வீட்டுக்கு வருவான். பென்ஷன் இல்லை, ஈசிஹெச்எஸ் இல்லை, கேன்டீன் இல்லை, முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் இல்லை என்று சேரும்போதே விதிமுறையில் எழுதியிருந்தது. தெரிந்துதான் போனான். லடாக்கில் இரண்டு குளிர்காலம் இருந்திருக்கிறான்.

என் கேள்வி, உங்கள் சங்கங்களில் அவனைச் சேர்த்துக்கொள்வீர்களா?

ஓய்வு சுபேதார்:

தம்பி, உன் தம்பிக்கு என் மரியாதை. லடாக் குளிர் எனக்கும் தெரியும். ஆனால் சங்கத்தின் விதியில் முன்னாள் படைவீரர் என்றால் யார் என்பது அரசின் வரையறையைப் பார்த்து எழுதப்பட்டது. அரசு அந்தத் தகுதியைக் கொடுக்காதபோது நாமாகக் கொடுத்துவிட்டால், நாளைக்கு இடஒதுக்கீடு, வீட்டுமனை என்று எதைக் கேட்கப் போனாலும் உங்கள் பட்டியலே சரியில்லை என்று திருப்பி அனுப்புவார்கள். மனசு கேட்கவில்லை என்பதற்காக விதியை வளைக்க முடியாது. அந்தத் தகுதியை அவர்களுக்கும் கொடு என்று நாம் கேட்போம், அதை நான் முன்னால் நின்று கேட்பேன். அதுவரை உறுப்பினர் அட்டை கொடுப்பது அவர்களுக்கே பொய்யான நம்பிக்கையைக் கொடுப்பதாகும்.

ஹூஸ்டன் ஏர்மேன்:

நான் இந்திய விமானப்படையில் இருந்துவிட்டு இப்போது மகனோடு டெக்சாஸில் இருக்கிறேன். இங்கே அமெரிக்கன் லீஜன் என்று 1919இல் தொடங்கிய தேசிய அமைப்பு. பக்கத்து வீட்டுக்காரர் அதில் இருக்கிறார், அவரோடு சில கூட்டங்களுக்குப் போயிருக்கிறேன். அங்கேயும் இதே வழக்குத்தான் இருந்தது. குறிப்பிட்ட போர்க்காலங்களில் பணியில் இருந்தவர்களை மட்டும் சேர்ப்பார்கள். இரண்டு போருக்கு நடுவில் சேர்ந்து, நடுவிலேயே வெளியே வந்தவனுக்கு இடம் கிடையாது, பயிற்சியில் விபத்தில் அடிபட்டு வந்திருந்தாலும் கிடையாது. 2019இல் சட்டத்தையே மாற்றி, 1941 டிசம்பர் 7க்குப் பிறகு பணியாற்றி நற்சான்றோடு வந்த எவரும் சேரலாம் என்று ஆக்கினார்கள். சட்டத்தை மாற்றச் சொல்லிக் கேட்டது அந்த அமைப்பே, அதைக் கவனியுங்கள். உள்ளே இருந்தவர்கள் வெளியே இருந்தவர்களுக்காகக் கேட்டார்கள்.

இன்னொரு பழக்கம் எனக்குப் பிடித்தது. உறுப்பினரோ இல்லையோ, தெரிந்த பழைய வீரர் ஒவ்வொருவருக்கும் போன் போட்டு "எப்படி இருக்கீங்க, ஏதாவது வேணுமா" என்று கேட்கிறார்கள். சந்தாவைப் பற்றிப் பேச்சே எடுப்பதில்லை. தனியாக இருந்து மனம் உடைந்துபோகிறவர்களை இப்படித்தான் கண்டுபிடிக்கிறார்கள். நம்மிலும் ராத்திரியில் தூக்கம் வராமல் குடிக்குப் போன ஆட்கள் உண்டு, யாரும் வெளியே பேசுவதில்லை.

சிக்னல்ஸ் ராஜா:

சுபேதார் சார் சொல்கிற சட்டச் சிக்கல் உண்மையானது, அதை ஒதுக்க வேண்டாம். ஆனால் இரண்டு பட்டியல் வைத்தால் என்ன? அரசிடம் நீட்டுகிற பட்டியல் ஒன்று, ஊரில் சேர்ந்து வேலை செய்கிறவர்களின் பட்டியல் ஒன்று. விதவைகளும் அக்னிவீர்களும் இரண்டாவதில் இருக்கட்டும், கூட்டத்தில் பேசட்டும், கிளைக்குள் நடக்கிற வேலைகளில் ஓட்டும் போடட்டும்.

அப்புறம் அண்ணா, வேலை கேட்டேன் இல்லையா, நானே ஒன்று எடுத்துக்கொள்கிறேன். லைஃப் சர்டிஃபிகேட்டுக்கு இப்போது முகத்தைக் காட்டினாலே போதும், போனில் ஜீவன் பிரமாண், ஆதார் ஃபேஸ் ஆர்டி என்ற இரண்டு செயலிகளும் இருந்தால் வீட்டிலேயே முடிந்துவிடும். வயலில் வேலை செய்த கைகளில் ரேகை தேய்ந்துபோய் மெஷின் எடுக்காது, அதனாலேயே எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். வெளிச்சம் முகத்தில் விழுகிற மாதிரி உட்கார வைத்து, கண்ணாடியைக் கழற்றச் சொல்லி, கண்ணைச் சிமிட்டச் சொன்னால் எடுத்துக்கொள்ளும். படுத்த படுக்கையாக இருக்கிறவர்கள் பட்டியலை மட்டும் கொடுங்கள், சனிக்கிழமைகளில் பைக்கில் போய் முடித்துவிட்டு வருகிறேன். உறுப்பினர் படிவம் இப்போதைக்கு வேண்டாம்.

தேனிக்காரன்:

படிவம் தானாக வரும் ராஜா, எங்கள் மைதானத்துக்கு வந்த மாதிரி.

இடையில் ஒரு சந்தேகம், தெரிந்தவர்கள் சொல்லுங்கள். எங்கள் உறுப்பினர் இறந்தால் சங்கத்திலிருந்து போய் மலர்வளையம் வைக்கிறோம். குடும்பத்தார் தேசியக் கொடி போர்த்தச் சொல்லிக் கேட்கிறார்கள். போர்த்தலாமா?

ஓய்வு சுபேதார்:

கூடாது. கொடிச் சட்டத்தில் தெளிவாக இருக்கிறது, அரசு மரியாதை, ராணுவ மரியாதை, மத்தியப் படைகளின் மரியாதை, இந்த இறுதிச் சடங்குகளுக்கு மட்டும்தான். ஓய்வுபெற்று வீட்டில் இறந்தவருக்கு நாமாகப் போர்த்த முடியாது. அவருக்கு ராணுவ மரியாதை உண்டா என்று முதலில் நல அலுவலகத்தைக் கேளுங்கள். இல்லை என்றால் சங்கக் கொடியைப் போர்த்துங்கள், எல்லோரும் மெடலோடு வரிசையாக நின்று சல்யூட் அடியுங்கள், இரண்டு நிமிடம் மௌனமாக நில்லுங்கள். குடும்பத்துக்கு அது போதும். எத்தனை பேர் வந்து நின்றார்கள் என்பதைத்தான் அவர்கள் வருடக்கணக்கில் சொல்வார்கள்.

கணியம்பாடி ஹவில்தார்:

எல்லோருக்கும் நன்றி. இங்கே வந்ததை வைத்து எங்கள் பொதுக்குழுவில் என்ன வைக்கப் போகிறேன் என்று எழுதிவிடுகிறேன், குறை இருந்தால் சொல்லுங்கள்.

கூட்டம் இனிமேல் பகலில், மாதத்தின் முதல் ஞாயிறு, அரசுப் பள்ளியில். முதல் ஒரு மணி நேரம் தாள் பார்ப்பது மட்டும். யார் வந்தாலும், உறுப்பினர் இல்லாவிட்டாலும், டிஸ்சார்ஜ் புக், பிபிஓ, ஆதார், பான், வங்கிப் புத்தகம் ஐந்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெயரும் தேதியும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துச் சொல்வோம். மலர்விழி எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு இதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆள் உயிரோடு இருக்கும்போதே மனைவியின் பெயரைச் சரிசெய்துவிட்டால் ரெக்கார்ட் ஆபீஸுக்கு ஒரு கடிதத்தோடு முடிகிற வேலை, இறந்த பிறகு அந்தம்மா தலையில் மாதக்கணக்கில் விழுகிறது. பென்ஷன் வாங்குகிற ஒவ்வொருவரும் இன்றைக்கு இரவே தன் மனைவியை உட்கார வைத்து, எந்தத் தாள் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று காட்டிவிடுங்கள், இதைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

மேஜர் மேடம் சொன்ன போன் எண்ணுக்கு மூன்று பேர் முறை வைத்து எடுக்க ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். பென்ஷன் இல்லாத பெரியவர்களை ஊர் ஊராகத் தேடுகிற வேலையை நானே எடுத்துக்கொள்கிறேன், செங்கல் சூளைக்காரரின் விண்ணப்பம் எழுதியாகிவிட்டது.

ராஜா சொன்ன இரண்டு பட்டியலைத் தீர்மானமாகக் கொண்டுவருகிறேன். சுபேதார் சார், நீங்கள் எதிர்ப்பீர்கள் என்று தெரியும்.

ஓய்வு சுபேதார்:

எதிர்ப்பேன். விதவைகளைச் சேர்ப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, அவர்கள் பென்ஷன் வாங்குகிறவர்கள், அவர்கள் உரிமையும் நம் உரிமையும் ஒன்று, முழு ஓட்டே கொடுக்கலாம் என்று திருத்தம் கொண்டுவருவேன். அக்னிவீர் விஷயத்தில் நிர்வாகிகள் தேர்தலில் ஓட்டு கிடையாது என்பதை எழுத்தில் கேட்பேன். அது தனி. நான் பக்கத்து வட்டம்தானே, முதல் ஞாயிறு தாள் பார்க்க வருகிறேன். ஸ்பர்ஷில் பெயர்த் திருத்தம் எப்படிப் போகிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும், இளம் பிள்ளைகள் இரண்டு பேரைப் பக்கத்தில் உட்கார வை, சொல்லிக்கொடுக்கிறேன்.

மலர்விழி:

அம்மாவை அழைத்துக்கொண்டு நானும் வரலாமா? அம்மாவின் ஊர் அங்கிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம்தான்.

கணியம்பாடி ஹவில்தார்:

தாராளமாக வாங்கம்மா. பத்தே முக்காலுக்கு வந்துவிட்டால் நல்லது, பெண்கள் வந்தால் அம்மாவே முதலில் பேசட்டும்.

அக்னிவீர் அண்ணன், உங்களுக்கு ஒன்று. தீர்மானம் நிறைவேறுகிறதோ இல்லையோ, தம்பி வெளியே வருவதாக இருந்தால் வருவதற்கு முன்பே எங்களுக்குச் சொல்லுங்கள். மத்திய ஆயுதக் காவல் படைகளில் முன்னாள் அக்னிவீர்களுக்கு ஒதுக்கீடு அறிவித்திருக்கிறார்கள், முதல் அணிக்கு வயதில் ஐந்து வருடத் தளர்வும் உண்டு, அது அடுத்த அணிகளுக்கு மூன்று வருடம்தான். முதல் அணிக்காரன் அந்தச் சலுகையைத் தவறவிடக் கூடாது. திறன் சான்றிதழைக் கையோடு வாங்கிக்கொண்டு வரச் சொல்லுங்கள், அதில் பெயர் ஆதாரில் இருக்கிற மாதிரியே இருக்கிறதா என்று அங்கேயே பார்க்கச் சொல்லுங்கள். வந்த மறுநாள் தேனிக்காரர் மைதானத்துக்கு அனுப்பினாலும் சரி, எங்கள் பக்கம் அனுப்பினாலும் சரி, ஓட்டத்துக்குப் பையன்கள் காத்திருக்கிறார்கள்.

அக்னிவீர் அண்ணன்:

சொல்கிறேன் சார். அவனுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் போன் பேச நேரம் கிடைக்கும், இந்த வாரமே இதையெல்லாம் சொல்லிவிடுகிறேன்.